ஏழாம் சதுரம்

மலையேறும் முன் பூட்ஸைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அடிவாரச் சாவடியில் நீளமான சிமெண்ட் தொட்டி ஒன்று உண்டு. அதன் ஓரமாகப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஆளுக்கொரு பிரஷ், ஆளுக்கொரு ஊசி. பூட்ஸின் அடிப்பள்ளங்களில் ஒட்டியிருக்கும் சமவெளி விதைகளை ஒவ்வொன்றாகக் குத்தியெடுத்துக் கிண்ணத்தில் போடுவார்கள். எனக்கு அப்போது இருபது வயது. அந்தப் பெண்கள் யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. பூட்ஸ் எப்போது திரும்ப வரும் என்று மட்டும் இரண்டு முறை கேட்டேன்.

தாவரவியலில் இடம் கிடைப்பது மருத்துவத்தில் கிடைப்பதைவிடக் கஷ்டமாக இருந்த காலம் அது. செடிகள்மேல் எங்களில் யாருக்கும் காதல் கிடையாது. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு எட்டு வாரம் கோடைக் களப்பணி உண்டு, அது மலையில் நடக்கும். அந்த எட்டு வாரக் குளிர்மேல்தான் காதல். எங்கள் கோவில்பட்டியில் அந்த மே மாதம் ஐம்பத்தொரு டிகிரி. உடம்பைக் குளிர்விக்கத் தெருவுக்கு ஒரு தணிப்பறை, குடும்பத்துக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மற்ற நேரம் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடப்போம். மலையில் இருபத்துநான்கு டிகிரி என்றபோது அம்மா அதை நம்பவே இல்லை.

பேருந்தில் எங்கள் களப்பொறுப்பாளர் டாக்டர் சியாமளா ஆளுக்கொரு கையடக்கக் கணினியைக் கொடுத்துவிட்டு விதிகளைச் சொன்னார். நாற்பது வயதுக்காரர். சிரித்துச் சிரித்துப் பேசுவார், சிரிப்பு கண்வரை போகாது.

"எல்லாரும் கைப்பலகையத் திறந்துக்கங்க. ஒரு சதுரத்துக்கு ஒரு எண். அவ்வளவுதான் உங்க வேலை. கீழ குறிப்புக் கட்டம்னு ஒண்ணு இருக்கும். அதுல எதுவும் எழுதக் கூடாது. மழை பெஞ்சுது, மாடு வந்துச்சு, ஒண்ணும் வேண்டாம்."

"ஏன் மேடம்?" என்றேன்.

"ஏன்னா நான் சொல்றேன்."

பேருந்து முழுவதும் சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. காரணம் சொல்லாமல் இடப்படும் கட்டளை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அந்தக் குணத்தை அன்றுவரை நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கும் மேலப்பாளையத்து முபாரக்குக்கும் கூனிமலை மேல் டிவிஷன் ஒதுக்கப்பட்டது. ஒரு காலத்தில் அது தேயிலைத் தோட்டம். வெயில் ஏறித் தேயிலை செத்த பிறகும் லைன் வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் இறங்கவில்லை. முப்பத்தெட்டுக் குடும்பங்கள். முகடு நெடுகப் பனிவலை கட்டி, மூடுபனியைத் தண்ணீராக்கிக் கீழே குழாயில் அனுப்புவது அவர்கள் தொழில். எங்களுக்குப் படுக்கை பள்ளிக்கூடத்தில், சாப்பாடு வள்ளித்தாய் வீட்டில்.

வள்ளித்தாய்க்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பனிவலைக் கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. கணவர் இல்லை. சுடர் என்று ஒரே மகள், பதினோரு வயது. அவளுக்கு வேர்வை வராது. பிறக்கும்போதே வேர்வைச் சுரப்பி இல்லாமல் பிறந்தவள். மலையின் உச்சி வெயிலிலேயே கழுத்தில் ஈரத்துணி சுற்றிக்கொண்டுதான் வெளியே வருவாள். நான் சரிவு ஏறி வந்து நின்றபோது என் நெற்றியில் விரல் வைத்து, வழித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு வச்சிருக்கீங்க! எனக்குக் கொஞ்சம் குடுங்களேன் ரெஜிக்கா."

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. நாத்தத்தையும் சேத்து."

"நாத்தம் வேணாம். தண்ணி மட்டும்."

அன்றிலிருந்து எங்கள் பின்னாலேயே சுற்றினாள். முபாரக் கணக்கு சொல்லித் தருவான். அவன் போடும் கணக்கில் அவள் தப்பு கண்டுபிடிப்பாள். கீழே இருப்பவர்கள் எல்லோரும் நாள் முழுக்கக் குளித்துக்கொண்டே இருப்பார்கள் என்பது அவள் எண்ணம். அவ்வளவு வேர்வை வந்தால் பிறகென்ன?

வேலை எளிது. குளிர்மணி என்றொரு செடி. பாசி மாதிரித் தரையோடு ஒட்டி வளரும், கட்டைவிரல் நகமளவு நீலப் பூ. குளிர் குறையக் குறைய அது மலையில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. இனி ஏற இடமில்லை என்னும் உயரத்தில், லைன் வீடுகளுக்கு மேலே இருந்த புல்வெளியில், ஒன்பது சதுரங்கள் கயிறு கட்டிக் குறித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். எட்டு வாரமும் தினம் இரண்டு முறை எண்ண வேண்டும். கடைசி வார எண்ணிக்கைதான் அலுவலகத்துக்குப் போகும்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. நாங்கள் அதை முழங்கால் விதி என்போம். சதுரத்தின் மேல் ஓரத்தில், குறித்த இரண்டு இடத்தில் மட்டுமே முழங்காலை ஊன்ற வேண்டும். கண்ட இடத்தில் மிதித்துச் செடியை நாசமாக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி. இருபத்துமூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு மாணவனும் அதே இரண்டு இடத்தில்தான் ஊன்றியிருக்கிறான். ஒவ்வொரு சதுரத்தின் தலைமாட்டிலும் இரண்டு குழிகள் இருந்தன. என் முழங்கால் அவற்றில் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு முன்னால் வந்தவர்களை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

எண்ணுவது எதற்கென்று எங்களுக்குத் தெரியும். தெரிந்ததைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மலை கெட்டது மனிதர்களால் என்று தீர்ப்பாகி, குளிர்மணியைச் சாட்சிச்செடி என்று சட்டம் அறிவித்திருந்தது. ஒன்பது சதுரத்திலும் சேர்த்து நூறு செடி இருந்தால் அந்தக் குடியிருப்பு இன்னொரு வருடம் மலையில் இருக்கலாம். நூற்றுக்குக் கீழே போனால் இறக்கம். இறக்கம் என்றால் கீழே, முகாமுக்கு. எண்ணுகிற கண் யாருடைய கண் என்றும் சட்டம் சொன்னது. மலையில் வீடில்லாத, மலையில் உறவில்லாத, இருபத்திரண்டு வயது தாண்டாத மாணவரின் கண். ட்ரோன் படங்களில் எல்லாத் தரப்பும் தில்லுமுல்லு செய்து முடித்த பிறகு வந்த ஏற்பாடு இது. எண்ணிக்கையைப் பற்றிக் குடியிருப்போர் மாணவரிடம் ஒரு சொல் பேசினாலும் அந்த வருடமே இறக்கம். கைப்பலகை எங்கள் இடுப்பில் தொங்கிக்கொண்டு எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதனால் வள்ளித்தாய் எங்களிடம் எல்லாமும் பேசினார், அதைத் தவிர. கோவில்பட்டியில் அரிசி நன்றாக இருக்குமா, முபாரக்குக்கு எத்தனை அக்கா, என் பல்வலிக்குக் கிராம்பு வைக்கலாமா. தட்டில் சோற்றைப் போடும்போது மட்டும் என் முகத்தைப் பார்ப்பார், ஒரு நொடி. அன்றைய எண் அந்த முகத்தில் இருக்கிறதா என்று தேடினார் போலும்.

ஆறாம் வாரம் ஒரு நாள் ஏழாம் சதுரத்தில் எண்ணிவிட்டு எழுந்தபோது கால் மரத்துப் போய்விட்டது. தடுமாறிப் பக்கவாட்டில் நாலைந்து அடி தள்ளிச் சரிவில் விழுந்தேன். கயிறு கட்டாத இடம், விதிப்படி யாரும் மிதிக்காத இடம். என் முகத்துக்குப் பக்கத்தில் நீலமாக இருந்தது. குளிர்மணி. சதுரத்துக்குள்ளே பதினொன்றுதான் இருந்தது. இங்கே ஒரு முழத்துக்குள் முப்பது எண்ணினேன். எழுந்து வெறி பிடித்தவள் மாதிரி ஒன்பது சதுரத்தையும் சுற்றி வந்தேன். சதுரத்துக்கு வெளியே எல்லா இடத்திலும் இருந்தது. சதுரத்துக்குள் மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

பாட்டிலில் இருந்த தண்ணீரை முழங்கால் குழியில் ஊற்றினேன். அப்படியே நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து நிமிடம் ஆகியும் வற்றவில்லை. இரண்டடி தள்ளி ஊற்றினேன். ஊற்றிய கையை எடுப்பதற்குள் மண் குடித்துவிட்டது. விளங்கிவிட்டது. மூடுபனி ஈரம் மேலிருந்து மண்ணுக்குள்ளேயே ஊறிச் சரிவில் இறங்கி வரும். அதைத்தான் குளிர்மணி குடிக்கிறது. இருபத்துமூன்று வருட முழங்கால்கள் அந்த வழியைச் சிமெண்ட் மாதிரி இறுக்கி அடைத்துவிட்டன. செடியைக் கொன்றது வெயில் இல்லை, லைன் வீட்டுக்காரர்கள் இல்லை. எண்ண வந்தவர்கள். நாங்கள்.

நிமிர்ந்தபோது வள்ளித்தாய் பனிவலைப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கயிறு அப்படியே இருந்தது.

"தாயி, சோறு ஆறிப்போகுது. வா."

"இந்தா வர்றேங்க்கா."

"இப்பவே வா தாயி. அதெல்லாம் அப்படியே கிடக்கட்டும். வந்து சாப்புடு."

அவர் குரல் நடுங்கியது. எனக்குப் பசிக்குமே என்ற கவலை என்று எடுத்துக்கொண்டேன். அப்போது காலை பத்து மணிதான் ஆகியிருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கடைசி வார எண்ணிக்கை முடிந்தது. இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினோம். ஒரே எண் வந்தது. நூற்று மூன்று.

முபாரக் புல்லில் மல்லாந்து படுத்துச் சிரித்தான். "நூத்தி மூணு ரெஜி! சுடருக்கு இன்னொரு வருஷம். அனுப்பு, இறங்கலாம்."

நான் குழிகளைப் பற்றிச் சொன்னேன். அவன் எழுந்து உட்கார்ந்து முழுவதும் கேட்டான்.

"சரிதான் நீ சொல்றது. ஆனா எழுதாத."

"அடுத்த வருஷம் தொண்ணூறு ஆகும். அதுக்கடுத்த வருஷம் எழுபது. இவங்க செய்யாத தப்புக்கு இவங்கள இறக்குவாங்க."

"அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாப்போம். மேடம் எழுதாதேன்னாங்கள்ல?"

"காரணம் சொன்னாங்களா?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் குளிக்கப் போனான். குறிப்பு எழுத ஒருவர் கையொப்பம் போதும். ஏழாம் சதுரத்தின் குறிப்புக் கட்டத்தைத் தொட்டேன். 'மனிதத் தொடுகையா?' என்று கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். முழங்கால் மனித முழங்கால்தானே? ஆம் என்று அழுத்தினேன். கட்டம் திறந்தது. இருநூறு சொல் எழுதினேன். நான் அதுவரை எழுதியவற்றிலேயே நல்ல எழுத்து அது. தண்ணீர் சோதனை, நேரம், வெளியே எண்ணிய எண்கள், குடியிருப்போர்மேல் எந்தத் தவறும் இல்லை என்ற கடைசி வரி. அனுப்பிவிட்டுப் போய் வள்ளித்தாய் வைத்த கீரைக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

இரண்டாம் நாள் சியாமளா ஜீப்பில் வந்தார். சிரிக்கவில்லை. என் இடுப்பிலிருந்த கைப்பலகையைக் கழற்றித் தன்னுடையதோடு ஜீப்பில் போட்டுக் கதவைச் சாத்தினார். புல்வெளிக்கு நடத்திக் கூட்டிப் போனார்.

"இப்ப அது கேக்காது. இப்பச் சொல்றேன். மனிதத் தொடுகை பதிவான சதுரம் கணக்குல சேராது. நூத்தி மூணுல பதினொண்ணு போனா எவ்வளவு?"

"நான் நம்ம முழங்கால்னு எழுதியிருக்கேன் மேடம். எல்லாம் விளக்கமா எழுதியிருக்கேன்."

"எந்திரம் ஆம் மட்டும்தான் படிக்கும். மனிதர்னா சட்டத்துல குடியிருப்போர்னு அர்த்தம். வேற மனிதர் அந்தச் சட்டத்துல இல்ல."

"மேல்முறையீடு?"

"உண்டு. அடுத்த எண்ணிக்கை நேரத்துல கேப்பாங்க. அடுத்த கோடையில."

"அதுவரைக்கும்?"

"கீழ."

"உங்களுக்கு இந்தக் குழி விஷயம் தெரியுமா?"

"பன்னெண்டு வருஷமாத் தெரியும். எழுதாதேன்னு சொல்லச் சொல்ல ஒவ்வொரு வருஷமும் நாலு ஊரு தப்பிச்சுது."

"அப்ப மொத நாளே இப்படித் தனியாக் கூட்டிட்டு வந்து காரணத்தச் சொல்லியிருக்கலாமே மேடம்!" நான் கத்தினேன். அழுதுகொண்டேதான் கத்தினேன்.

"வருஷத்துக்கு நாப்பது பேரு வர்றீங்க. யாரு போயி யாருகிட்டச் சொல்லுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. என்மேல் உள்ள கோபத்துக்குத் துணையாக அதை வைத்திருக்கிறேன்.

உத்தரவு வந்த அன்று ஊரில் யாரும் கத்தவில்லை. பாத்திரங்களைக் கோணியில் கட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் வள்ளித்தாய் வாசலில் போய் நின்றேன். இனிப் பேசக் கூடாதென்று யாரையும் பயமுறுத்த முடியாது. அவர் முதல் முறையாக அதைக் கேட்டார்.

"என்ன எழுதுன தாயி?"

"உங்க மேல தப்பில்லன்னு எழுதுனேங்க்கா."

அவர் கோணியின் வாயைச் சுருக்கிக் கயிறு போட்டு முடிந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க மேல தப்புன்னு யாரு சொன்னா?"

எங்கள் களப்பணி முடிந்த நாளும் இறக்க நாளும் ஒன்றாக அமைந்தன. மாணவர்களுக்குக் குளிர்ப்பேருந்து, அவர்களுக்கு லாரி. சுடர் லாரியின் பின்பலகையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். புதுச் சட்டை. அவளுக்குச் சமவெளியைப் பார்க்கப்போகிற குஷி. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"ரெஜிக்கா, கீழ எல்லாருக்கும் வேர்க்கும்ல? அங்க போனா எனக்கும் வருமா?"

வள்ளித்தாய் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். முபாரக் தரையைப் பார்த்தான்.

"வரும்," என்றேன்.

என் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். கீழே இறங்கும்போது போட்டுக்கொள்ளக் கல்லூரி கொடுத்தது. முதுகில் சில்லென்று நீர் ஓடும். சட்டையின் கைகள் அவள் உள்ளங்கைக்கும் கீழே தொங்கின. மின்கலம் எட்டு மணி நேரம் தாங்கும். முகாமில் மின்னேற்ற வசதி உண்டா என்று டிரைவரிடம் கேட்டேன். தணிப்பறையில் இருக்கும் என்றார். தணிப்பறை குடும்பத்துக்கு எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. அது எனக்கே தெரியும். லாரி கொண்டையூசி வளைவில் திரும்பும்வரை அவள் சட்டைக்கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

ஒன்பது நாள் கழித்துக் கோவில்பட்டி வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. குளிர்ச்சட்டை. துவைத்து, காயவைத்து, மடித்து, கல்லூரிப் பொருள் தொலைந்தால் எனக்குச் சிக்கலாகுமே என்று பத்திரமாக அனுப்பியிருந்தார் வள்ளித்தாய். கடிதம் இல்லை. சட்டையைத் திரும்ப அனுப்புகிறார்கள் என்றால் அது இனி யாருக்கும் தேவைப்படவில்லை என்று அர்த்தம். அம்மா என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முபாரக் விசாரித்துச் சொன்னான். நான்காம் நாள் நண்பகல், தணிப்பறை வரிசையில் நிற்கும்போது. அவர்களுக்கு முன்னால் இரண்டு குடும்பம் இருந்திருக்கிறது.

மூன்று வருடம் கழித்து அதே கூனிமலைக்கு ஆய்வு உதவியாளராகப் போனேன். குடியிருப்பு இல்லாத மலையில் எண்ண மாணவர் வருவதில்லை. அதனால் முழங்கால்களும் இல்லை. மூன்று மழைக்காலங்கள் குழிகளை இளக்கிவிட்டிருந்தன. இந்த முறை நான் அகலமான மரப்பலகை கொண்டுபோய், அதன்மேல் படுத்து எண்ணினேன். ஏழாம் சதுரத்தில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு.

குடியிருப்பை அகற்றியதால் சாட்சிச்செடி மீண்டது என்று அறிக்கை வந்தது. இறக்கத்தின் வெற்றிக்கு முதல் சான்று என்று மேடைகளில் பேசினார்கள். அறிக்கையில் மூன்றாவதாக என் பெயர் இருந்தது. அதைக் காட்டி அடுத்த ஆண்டே பதினாறு ஊர்களை இறக்கினார்கள். எண்ணிய அன்றே உண்மைக் காரணத்தைக் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருக்கலாம். கைப்பலகை என் முன்னால்தான் இருந்தது. காலியாக விட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை, பயம். எழுதினால் ஒரு குழந்தை சாகிறது, எழுதாவிட்டால் பல குழந்தைகள். இதைத் தெரிந்துகொண்டும் என் விரல் அந்தக் கட்டத்தைத் தொட மறுத்தது.

அந்தப் பயணத்தில் ஏறும்போதே அடிவாரச் சாவடியில் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இந்த முறை அந்தப் பெண்களின் முகங்களைப் பார்த்தேன், எந்த ஊர் என்று கேட்டேன். முத்தாறு, கருங்காடு, மேல் டிவிஷன். எல்லோரும் இறக்கப்பட்ட மலைக்காரர்கள். விதை எது, மண் எது என்று இவர்களுக்குத்தான் தெரியும் என்று வேலை கொடுத்திருக்கிறார்கள். வரிசையில் வள்ளித்தாயைத் தேடினேன். இல்லை. நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இறங்கி வரும்போது இருந்தார். இறங்குபவர்களின் பூட்ஸையும் கழுவ வேண்டும் என்று புது விதி வந்திருந்தது. மேலே உள்ளது கீழே வீணாகக் கூடாதாம். முடி பாதி நரைத்திருந்தது, முகமெல்லாம் வேர்வை. என் பூட்ஸை வாங்கித் தொட்டியில் முக்கினார். நிமிர்ந்து பார்த்தார். தெரிந்துகொண்டார். எழுந்து அறைவார், துப்புவார் என்று நின்றேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

அவர் ஊசியால் அடிப்பள்ளத்தைக் கிளறினார். கடுகைவிடச் சின்னதாக ஒரு விதை வந்தது. அதைக் கிண்ணத்தில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். குளிர்மணி விதை.

"மேல நல்லாப் பூத்திருக்கா தாயி?" என்றார்.

"பூத்திருக்குக்கா," என்றேன்.

தலையாட்டிவிட்டு அடுத்த பூட்ஸை எடுத்தார்.